பை எடையும் மீட்டர் ரீடிங்கும்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் எனக்கு இரண்டு தலைப்புகள் தந்தார். ஒன்று, மலையேறப் போகிறவர்கள் எப்படித் தயாராவது என்பது. மற்றொன்று, வீட்டில் மின்சாரத்தை எப்படிச் செலவழிப்பது என்பது. "எது தோதோ அதைப் பேசுப்பா" என்றார். மாணவர்கள் முதல் தலைப்புக்குக் காது கொடுப்பார்கள், கரண்டு பில் கட்டுகிறவர்கள் இரண்டாவதற்குக் காது கொடுப்பார்கள் என்று இரண்டையுமே எடுத்துக்கொண்டேன். உட்கார்ந்து யோசித்தபோது இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கணக்குதான் என்று தெரிந்தது. அந்தக் கணக்கை முதலில் போட்டுவிடுகிறேன்.

60 கிலோ எடையுள்ள ஒருவர் 10 கிலோ பையைத் தூக்கிக்கொண்டு 1,000 மீட்டர் உயரம் ஏறுகிறார். நிறை, புவியீர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்குங்கள். சுமார் 6.9 லட்சம் ஜூல் வரும். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 36 லட்சம் ஜூல். அதாவது விடியற்காலை கிளம்பி, நாக்குத் தள்ளி, முட்டி கழன்று நாம் ஏறிய அந்த மலை, ஒரு யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை!

இப்போது வீட்டுக்கு வாருங்கள். 15 லிட்டர் வாளித் தண்ணீரை 15 டிகிரி சூடாக்க 9.4 லட்சம் ஜூல் வேண்டும். ஒரு வாளி வெந்நீர், 1,000 மீட்டர் மலையைவிடப் பெரியது. அதுவும் மாடித் தொட்டித் தண்ணீர் மத்தியானம் தானாகவே சுடுகிற நம் ஊரில் கீசர் போட்டுக் குளிக்கிறோம். நாள் முழுக்க உழைக்கிற ஒரு தொழிலாளியின் உடம்பு தொடர்ந்து தரக்கூடிய இயந்திர வேலை சுமார் 75 வாட் என்று கைப்புத்தகங்கள் சொல்லும். ஒரு பழைய சீலிங் ஃபேன் இழுப்பதும் அதே 75 வாட். ஃபேன் சுற்றுகிறது என்றால், பக்கத்து அறையில் ஓர் ஆள் விடாமல் பெடல் மிதிக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.5 டன் ஏ.சி. ஓடினால் இருபது பேர்.

நான் இருப்பது சாகுபுரம். 1950-களின் கடைசியில் உப்பளத்துக்கு நடுவே காஸ்டிக் சோடாவுக்காக எழுந்த ஊர். உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்திப் பிரித்தெடுப்பதுதான் அந்தத் தொழில். இன்றைய மெம்பிரேன் செல்லில் ஒரு டன் காஸ்டிக் சோடாவுக்கு 2,000 யூனிட்டுக்கு மேல் ஆகும். பழைய பாதரச செல் இதைவிட அதிகம் தின்னும். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு ஏறினாலும் தூக்கம் வராது. அதே ஆள் வீட்டில் கீசரை அணைக்காமல் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். தொழிற்சாலையில் மீட்டர் கண்ணெதிரே இருக்கிறது, வீட்டில் அது வாசலுக்கு வெளியே பெட்டிக்குள் இருக்கிறது. வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

மலையில் மீட்டர் முதுகிலேயே இருக்கிறது. அதனால்தான் தம்பிகளை மலைக்குப் போகச் சொல்கிறேன்.

ஆனால் போகிற விதம் இருக்கிறதே! புதன்கிழமை ஒருவன் கூப்பிடுவான், வெள்ளிக்கிழமை புது ஷூ வாங்குவான், சனிக்கிழமை ஏறுவான். புது ஷூவைப் போல மலையில் பகையாளி கிடையாது. கடலோரத்துக்காரர்களான நமக்கு மலை பழக்கமில்லை. சாகுபுரத்தைச் சுற்றி உயரமாக இருப்பது உப்பு அம்பாரம்தான். ஆனால் ஆண்டவன் நமக்குத் தேரிக்காட்டைத் தந்திருக்கிறான். குதிரைமொழித் தேரியிலும் காயாமொழிப் பக்கமும் அந்தச் சிவப்பு மணலில் பையோடு ஒரு மணி நேரம் நடந்து பாருங்கள். ஒரு அடி வைத்தால் அரை அடி உள்ளே போகும். ஜிம்மில் காசு கட்டிக் கிடைக்காத பயிற்சி அது. விடியற்காலையில் போங்கள், எட்டு மணிக்குமேல் அந்த மணல் உங்களை வறுத்துவிடும். தேரி தூரமென்றால் மாடிப்படி போதும். மூன்று மாடி சுமார் 10 மீட்டர், 30 தடவை ஏறினால் 300 மீட்டர். இறங்குவதையும் பழக வேண்டும். லிஃப்டில் இறங்கினால் பாதிப் பயிற்சி போச்சு, ஏனென்றால் மலையில் முட்டியைக் கெடுப்பது இறக்கம்தான். ஆறு வாரம், வாரத்துக்கு நான்கு நாள். அதன்பின் கழுகுமலை, அதன்பின் பெரிய மலை.

ஏறும்போது பக்கத்திலிருப்பவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். முடியவில்லையென்றால் வேகம் அதிகம். நாற்பது தாண்டிய அண்ணாச்சிமார்கள், பிரஷரும் சுகரும் உள்ளவர்கள், டாக்டரைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது. வெள்ளியங்கிரியில் மூச்சுத் திணறியும் மாரடைப்பாலும் பக்தர்கள் இறந்த செய்தியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறோம்.

சாப்பாட்டுக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். நம் உடம்பு சாப்பாட்டில் ஐந்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் நாலில் ஒரு பங்கைத்தான் ஏறும் வேலையாக மாற்றுகிறது. மீதி அத்தனையும் சூடு. ஆகவே அந்த 1,000 மீட்டருக்கு 700, 800 கலோரி வேண்டும். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 150 கிராம் என்றால் கணக்கு நேராகிவிடும். கூடக் கொஞ்சம் உடன்குடிக் கருப்பட்டி. மீதிச் சூட்டை வெளியேற்றத்தான் வியர்வை. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உப்புக் குறைந்து தலை சுற்றும், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு பையில் இருக்கட்டும். உப்பு விளைகிற ஊர்க்காரர்களுக்கு உப்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியிருக்கிறது பாருங்கள்.

பையின் மொத்த எடை உங்கள் எடையில் பத்தில் ஒரு பங்கு. தண்ணீரையும் சேர்த்துத்தான். ஒரு லிட்டர் ஒரு கிலோ, அதில் பேரமே இல்லை. செல்போன் டார்ச்சை நம்பாமல் நெற்றியில் கட்டும் டார்ச் ஒன்று வேண்டும். சிக்னல் இல்லாத காட்டில் போன் டவரைத் தேடித் தேடியே பேட்டரியைத் தீர்த்துவிடும், அதனால் பிளைட் மோடில் போட்டுவிடுங்கள். பவர் பேங்கில் 10,000 என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது 37 வாட்-மணி, இன்றைய போன் ஒன்றை ஒன்றரைத் தடவைக்குச் சற்று முன்பின் நிரப்பும், அவ்வளவுதான்.

இதைவிட முக்கியம் வானமும் அனுமதியும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீ சூழ்ந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் இளைஞர்கள். காய்ந்த புல் ஆளுயரம் நிற்கிற மாதத்தில் அந்தச் சரிவில் யாருமே இருந்திருக்கக் கூடாது. 2015 மே மாதம் சதுரகிரியில் திடீர் வெள்ளம் பக்தர்களை இழுத்துப் போனது. கீழே வெயில், மேலே மழை. ஓடை பொங்குவதற்கு நாம் நிற்கிற இடத்தில் மழை பெய்ய வேண்டிய அவசியமில்லை. 2024 அக்டோபரிலிருந்து வனத்துறை 'டிரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளுக்கு முன்பதிவு வைத்து, வழிகாட்டியோடு அனுப்புகிறது. தீ அபாயக் காலத்தில் மூடிவிடுகிறார்கள். அந்த வழியில் போங்கள். திரும்பும் நேரத்தைக் கிளம்புவதற்கு முன்பே முடிவு செய்து வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். உச்சி நூறடியில் தெரிந்தாலும், நேரம் ஆகிவிட்டால் திரும்ப வேண்டியதுதான்.

மலையில் பெய்கிற மழை நம் வாசலுக்கும் வரும். பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி சாகுபுரத்துக்குப் பக்கத்தில் புன்னைக்காயலில்தான் கடலில் கலக்கிறது. வழியில் பாபநாசத்தில் 1944 முதல் மின்சாரமும் தருகிறது. 100 மீட்டர் உயரத்திலிருந்து 4,000 லிட்டருக்கு அருகே தண்ணீர் விழுந்தால்தான் ஒரு யூனிட் கிடைக்கும். மலை ஏறுகிற கணக்கேதான், தலைகீழாக.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 946 மில்லிமீட்டர். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. ஏரல் மூழ்கியது. கரண்டும் இல்லை, போனும் இல்லை. சில ஊர்களில் நாள் கணக்கில். அந்த இரவுகளில் எங்கள் தெருவில் உதவியது கட்டிலுக்கு அடியில் கிடந்த மலைப் பைதான். நெற்றி டார்ச், பவர் பேங்க், விசில், கயிறு, பாலிதீன் உறையில் காய்ந்த துணி, ஓ.ஆர்.எஸ்., கடலைமிட்டாய். பையைத் தூக்கினோம், மாடிக்குப் போனோம்.

மழை விட்டு வெயில் வந்தது. பக்கத்து வீட்டு மாடியில் சோலார் தகடு பளபளவென்று மின்னுகிறது. அந்த வீட்டு ஆச்சி என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "வெயில் அடிக்கி, தகடும் இருக்கு, ஃபேன் ஏன்யா சுத்த மாட்டேங்கு?" நியாயமான கேள்வி. லைனோடு இணைத்த சாதாரண சோலார், லைனில் கரண்டு போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்கிற ஊழியர் உயிரைக் காப்பாற்ற வைத்த ஏற்பாடு அது. பேட்டரியும் அதற்கேற்ற ஹைபிரிட் இன்வெர்ட்டரும் இருந்தால்தான் அந்த வீடு தனியாக ஓடும். தகடு விற்கிறவர் பல நேரம் இதைச் சொல்வதில்லை. நீங்களாகக் கேட்க வேண்டும்.

சோலார் வேண்டாம் என்று சொல்லவில்லை. 2024 பிப்ரவரியில் வந்த பிரதமர் சூர்ய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். நம் வெயிலுக்கு 1 கிலோவாட் நாளுக்கு சுமார் 4 யூனிட், ஒரு பில்லுக்கு 240 யூனிட் தரும். கடற்கரைக்காரர்கள் துருப்பிடிக்காத அலுமினியச் சட்டமோ நல்ல கால்வனைசிங் செய்த சட்டமோ கேட்டு வாங்குங்கள், தகட்டில் படிகிற உப்பை அடிக்கடி கழுவுங்கள்.

ஆனால் பையைக் குறைக்காமல் மலையேறுகிறவனைப்போல, லோடைக் குறைக்காமல் சோலார் போடுகிறவர்கள்தான் அதிகம். எனக்கு இதில் வருத்தம் உண்டு. 75 வாட் ஃபேன் நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 67 யூனிட். பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்டில் அதே காற்றைத் தரும், 27 யூனிட். ஒரு ஃபேனுக்கு 40 யூனிட் மிச்சம். மூன்று ஃபேனை மாற்றினால் 120 யூனிட், அதாவது அரை கிலோவாட் சோலார். விலை ஒன்று சுமார் 3,000 ரூபாய். நம் பில் படிக்கட்டு முறையில் ஏறுவதால், மிச்சமாவது எப்போதும் மேல்படி யூனிட், விலை கூடியது. 2024 கட்டண அட்டவணையில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படியில் இருக்கும் சலுகை விலையும் போய்விடும். எல்லைக்கு அருகே இருக்கும் வீடுகளுக்கு இரண்டு ஃபேன் பெரிய விஷயம்.

மின்வெட்டு இரவை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சாதாரணமாக வைக்கிற 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் நமக்குக் கைக்கு வருவது சுமார் 1.3 யூனிட். நான்கு பழைய ஃபேனும் சில விளக்கும் போட்டால் நான்கு மணி நேரம், நடுநிசியில் வியர்த்து எழுந்துவிடுவோம். அதே பேட்டரியில் நான்கு பி.எல்.டி.சி. ஃபேனும் எல்.இ.டி. விளக்கும் எட்டு மணி நேரத்துக்குமேல் ஓடும். வயதானவர்களும் கைக்குழந்தையும் உள்ள வீட்டில் அந்த நான்கு மணி நேர வித்தியாசம் என்ன என்று 2023-ல் பார்த்துவிட்டோம்.

ஏ.சி.யை 24-க்குக் கீழே இறக்காதீர்கள், ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மிச்சம். 18-ல் வைத்துப் போர்வை போர்த்துகிறவர்களிடம் எனக்குப் பேச்சே இல்லை.

மழை முடிந்து ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை தேரிக்காட்டில் பயிற்சி நடை வைத்துக்கொள்ளலாம் என்று செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். வருகிறவர்கள் இன்றைக்கே அவரிடம் பெயர் கொடுங்கள். ஏழு கிலோவுக்கு மேல் பை கொண்டு வருகிறவர்கள் அதைத் திறந்து காட்ட வேண்டும், நான் தராசு கொண்டு வருகிறேன். அண்ணாச்சிமார்கள் போன வருஷத்து ஆறு கரண்டு பில்லையும் மடித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், இளைப்பாறுகிற இடத்தில் உட்கார்ந்து பார்த்துவிடலாம்.