வெல்டு வைக்க மாட்டேன்



விருதுநகரில் என் பட்டறைக்குப் போன மாசம் நம்ம கல்லூரித் தம்பிகள் நாலு பேர் பழைய கான்டெஸா ஒன்றோடு வந்தார்கள். "அண்ணே, டிரிஃப்ட் அடிக்கணும். ஸ்டியரிங் ஆர்மை அறுத்துக் குட்டையா வெல்டு வச்சுக் குடுங்க" என்றார்கள்.

கணக்கு சரிதான். பின்சக்கரம் வழுக்கும்போது முன்சக்கரம் எதிர்ப்பக்கம் நன்றாகத் திரும்ப வேண்டும். சாதாரணக் காரில் சுமார் 40 டிகிரி. டிரிஃப்ட் காரில் 60 வரை போகும். ஆர்ம் குட்டையானால் அதே டை ராடு அசைவுக்குச் சக்கரம் கூடுதலாகத் திரும்பும். ஆனால் இரண்டும் ஒரே நேர்கோட்டுக்கு வந்துவிட்டால் சக்கரம் அப்படியே மாட்டிக்கொள்ளும். டயரும் லோயர் ஆர்மில் உரசும், அதையும் நீட்டணும். ஒன்றைத் தொட்டால் நாலைத் தொடணும்!

வெல்டு மட்டும் மாட்டேன் என்றேன். 1994-இல் ஒரு லாரிக்கு அப்படித்தான் செய்து அனுப்பினேன். வெல்டு ஓரத்து விரிசல் கண்ணுக்குத் தெரியவில்லை. சிவகாசி ரோட்டில், ஆமத்தூர்ப் பக்கம் முறிந்து வண்டி ஓடைக்குள் இறங்கியது. அன்றைக்கு வெறும் வண்டி. முந்தின நாள் அதில் பட்டாசுப் பெட்டிகள். டிரைவர் பிழைத்தார், எனக்குத்தான் பல நாள் தூக்கமில்லை.

இப்போது ஒரே கட்டி அலாய் ஸ்டீலில் புது ஆர்ம் கடைகிறோம். சாயம் தடவி விரிசல் பார்த்துத்தான் மாட்டுவேன். ரோட்டில் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு. செட்டிபாளையமோ இருங்காட்டுக்கோட்டையோ, டிராக்குக்கு லாரியில் ஏற்றித்தான் போகணும் என்றும் சொல்லிவிட்டேன். தம்பிகளுக்குக் கோபம். ரெண்டு பேர் அதோ, கடைசி வரிசையில்.