மோட்டார் கொட்டகையும் கடைசி மடையும் பேசிக்கொள்ள...



ராத்திரியில் தண்ணீர் பாய்ச்சுகிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. அப்பா மோட்டார் கொட்டகையில் இருப்பார். மகன் அரை மைல் தள்ளிக் கடைசி வயலில் மடை திருப்பிக்கொண்டிருப்பான். திடீரென்று வாய்க்கால் உடைத்துக்கொள்ளும். மகன் போடுகிற கூச்சல் மோட்டார் சத்தத்தில் அப்பா காதில் விழாது. செல்போனை எடுத்தால் டவர் கிடைக்காது. ஓடிப்போய்ச் சொல்வதற்குள் நேற்றுப் போட்ட உரம் தண்ணீரோடு அடுத்தவர் வயலுக்குப் போயிருக்கும்.

இந்த இடத்தில் கைகொடுப்பதுதான் வாக்கி டாக்கி. செல்போன் பேச்சு டவர் வழியாகப் போகிறது. இதிலோ ஒரு கருவியிலிருந்து மற்றொரு கருவிக்கு நேராகவே பேச்சு போகிறது. டவர், சிம் கார்டு, மாதக் கட்டணம் எதுவும் வேண்டாம். சாதாரணமான ஒரு ஜோடி சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும். இரண்டு, மூன்று பேர் சேர்ந்து வாங்கினால் செலவு இன்னும் குறையும்.

வாங்கும்போது ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். எல்லா வாக்கி டாக்கியையும் லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ள முடியாது. மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட விதிகள், 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையில் அரை வாட் சக்திக்குள் இயங்கும் கருவிகளுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று விலக்கு அளித்தன. அந்த வகையைத்தான் கேட்டு வாங்க வேண்டும். இ.டி.ஏ. என்கிற அரசு ஒப்புதல் உள்ளதா என்றும் பாருங்கள். "ஐந்து வாட், எல்லா அலைவரிசையும் பிடிக்கும்" என்று மலிவாக விற்பதை வாங்கிவிடாதீர்கள். அது போலீஸ் போன்றவர்களின் பேச்சில் குறுக்கிடலாம், வழக்கிலும் மாட்டிவிடும். இப்படிப்பட்ட கருவிகளை விற்பது பற்றி 2025-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணையக் கடைகளுக்கு நெறிமுறைகளே வெளியிட்டது.

அடுத்தது, எவ்வளவு தூரம் கேட்கும்? அட்டைப்பெட்டியில் பத்து, இருபது கிலோமீட்டர் என்று போட்டிருப்பார்கள். அதை நம்பி ஏமாறாதீர்கள். வெட்டவெளியில் இரண்டு கிலோமீட்டர் கேட்டால் நல்லது. தென்னந்தோப்பு, கரும்புக்காடு, மேடு குறுக்கே இருந்தால் அதில் பாதிகூடக் கேட்காது. வாங்கியதும் ஒருவரை மோட்டார் கொட்டகையில் நிறுத்திவிட்டு, மற்றவர் பேசிக்கொண்டே நிலம் முழுக்க நடந்து பாருங்கள். எங்கே பேச்சு அறுகிறது என்று பகலிலேயே தெரிந்துகொள்ளலாம். பள்ளத்தில் கேட்காவிட்டால் வரப்பு மேல் ஏறி, ஏரியலை நேராக நிமிர்த்திப் பிடியுங்கள். ஆனால் இடி மின்னல் நேரத்தில் மேட்டில் நிற்கவே கூடாது.

பேசும் முறை சுலபம். இருவரும் ஒரே சேனலில் இருக்க வேண்டும். பொத்தானை அழுத்தி, ஒரு விநாடி பொறுத்துப் பேசுங்கள். உடனே பேசினால் முதல் வார்த்தை விழுங்கிப்போகும். கருவி வாயிலிருந்து மூன்று, நான்கு விரற்கடை தள்ளி இருக்கட்டும். "அப்பா, மோட்டாரை நிறுத்துங்க, ஓவர்" என்று சொல்லிப் பொத்தானை விட்டால்தான் பதில் கேட்கும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். "நிறுத்தியாச்சு" என்ற பதில் வரும்வரை வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். அதே சேனலில் இருக்கிற யாரும் கேட்கலாம் என்பதால், பணம் காசு விஷயத்தை இதில் பேச வேண்டாம்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். இந்தக் கருவியிலிருந்து 108-ஐக் கூப்பிட முடியாது. ஆகவே ஒரு கருவியாவது செல்போன் பேசக்கூடிய இடத்தில், விழித்திருக்கும் ஒருவரிடம் இருக்க வேண்டும். வயலில் பாம்பு கடித்துவிட்டால் அவரிடம் இடத்தைச் சொல்லுங்கள். அவர் 108-க்குப் பேசட்டும். கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். கடிவாயைக் கீறவோ, இறுக்கிக் கட்டவோ வேண்டாம். மந்திரம், பச்சிலை என்று நேரம் போக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். காட்டோரத்தில் காவல் இருப்பவர்கள் யானை வந்தால் விரட்டப் போகாமல், கருவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, விலகி நின்று தகவல் சொல்லுங்கள். வனத்துறைக்குச் சொல்வதை வீட்டிலிருப்பவர் பார்த்துக்கொள்வார்.

சாயங்காலமே பேட்டரியைச் சார்ஜ் செய்துவிடுங்கள். கருவியை இடுப்பு மடிப்பில் செருகாமல், கழுத்தில் கயிறு போட்டு மாட்டிக்கொள்ளுங்கள். குனிந்து மடை கட்டும்போது தண்ணீரில் விழாது. மழைக்கு ஒரு பிளாஸ்டிக் பை போதும்.

மண்வெட்டியும் டார்ச்சும் எடுத்துக்கொண்டுதானே ராத்திரி கிளம்புகிறோம்? அவற்றோடு இதையும் எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டில் தனியாக நிற்கிறவருக்கு, கூப்பிட்டால் குரல் கொடுக்க ஓர் ஆள் இருக்கிறது என்பதே பெரிய தைரியம்.