பிள்ளை நடக்கிற பாதைக்குச் சிறு மானியம்

(தோட்டக் கூட்டுறவுச் சங்க, மாதர் சங்கப் பிரதிநிதிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நடைபாதைப் பாதுகாப்புக்கு நாங்கள் கொடுக்கும் சிறு மானியத்தைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறோம். “எவ்வளவு காசு?” என்று முதலில் கேட்பீர்கள். பெரிய காசு இல்லை. தோட்டத்து றோட்டுக்குக் கொங்கிறீட் போட அது காணாது. அதற்குப் பிரதேச சபைக்குத்தான் போகவேண்டும். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபைகள் செலவு செய்வதற்கு வெகுகாலம் தடையாக இருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டுவிட்டது. “தோட்டத்துக்குச் செய்ய சட்டம் இல்லை” என்று இனி யாராவது சொன்னால் பேசாமல் திரும்பி வராதீர்கள்.

சிறு காசு சிறு வேலைக்கு. வழுக்குகிற ஏற்றத்தில் பத்துப் பதினைந்து படி, பிடித்து ஏற ஒரு கம்பி, கானுக்கு மேலே ஒரு பலகைக் கல், வளைவில் நிற்கும் கல்லுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு. பனி மூடிய காலையில் லொறிக்காரன் கண்ணுக்குத் தெரிய, பிள்ளைகளின் புத்தகப் பையில் ஒட்டும் மினுங்கல் பட்டி. பணிய இறப்பர் தோட்டங்களில் சைக்கிளில் போகிற பிள்ளைகள் உண்டு. சைக்கிள் பின்பக்கத்துக்கும் அதே பட்டிதான்.

எங்கள் பிழை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ஒரு தோட்டத்தில் லயத்திலிருந்து பிரட்டுக்களத்துக்கு நேராகப் படி கட்டக் கேட்டார்கள். மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள் எல்லாரும் ஆம்பிளைகள். நாங்களும் வெயில் நாளில் போய்ப் பார்த்து, சரியென்று காசு கொடுத்தோம். படியும் நல்லாத்தான் கட்டினார்கள். மூன்று மாதம் கழித்துப் போனால் படியெல்லாம் பாசி! அந்தப் பக்கம் ஆளே இல்லை. ஒரு அக்காவிடம் கேட்டோம். “பிள்ளையப் பிள்ளைக்காம்பராவுல விட்டுட்டுத்தானே பிரட்டுக்குப் போறோம். பிள்ளைக்காம்பரா பீலிக்கரைப் பக்கமில்ல இருக்கு? எங்களக் கேட்டீங்களா?” என்றார். கேட்கவில்லை. அந்தப் பீலிக்கரை ஏற்றத்தில்தான் முந்தின மழையில் ஒரு தாய் பிள்ளையோடு வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டிருந்தார். அதையும் அன்றைக்குத்தான் அறிந்தோம்.

அதனால் இனி ஒரு முறை வைத்திருக்கிறோம். மனு எழுதுமுன் பாதையை நடந்து பாருங்கள். விடியக்காலை பிள்ளையைத் தூக்கிப் போகிற தாய், பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, கொழுந்துச் சாக்கோடு நிறுவைக்கு வருகிறவர், மருந்தெடுக்கப் போகும் வயசாளி, இவர்களோடு நடக்கவேண்டும். எங்கே கால் வைக்கப் பயப்படுகிறார்களோ அங்கே ஒரு குச்சி நடுங்கள். மனுவில் பெண்களின் கையெழுத்தும் இருக்கவேண்டும். எழுதத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால் போதும்.

நிலம் தோட்டத்துடையது. வளைவை மறைக்கிற தேயிலைச் செடியைக் கவ்வாத்துப் பண்ணவும், படி வெட்டவும் துரையின் கடிதம் வேண்டும். மெயின் றோட்டில் நாமாகக் கோடு போட முடியாது. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. பாதசாரிக் கடவை வேண்டுமானால் அவர்களுக்கு எழுதவேண்டும். கடிதம் எழுத நாங்கள் உதவுவோம். கடவை வரும்வரை, ஓரப்பாதை இல்லாத றோட்டில் வலப்பக்கமாக, எதிரே வரும் வாகனம் தெரியும்படி நடக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

இன்னொன்று, கான். படி கட்டுகிறவர்கள் பக்கத்தில் கான் வெட்ட மறந்துவிடுகிறார்கள். தண்ணீர் படிமேலேயே இறங்கி, அடியில் மண்ணை அரித்து, அடுத்த மழைக்குள் படி ஆடத் தொடங்கும். கானைத் துப்புரவாக்குவது யார், பாசி சுரண்டுவது யார் என்று மனுவிலேயே பெயர் போட்டு எழுதுங்கள். பெயர் இல்லாத மனுவை நாங்கள் திருப்பித்தான் அனுப்புவோம், கோபிக்க வேண்டாம்.

மனுத்தாள் உங்கள் தோட்டக் கூட்டுறவுச் சங்கத்தில் கிடைக்கும். பாதையைப் பார்க்க எங்களை மழை நாளிலேயே கூப்பிடுங்கள். குடையோடு வருகிறோம்.