மின்மினி



உலகில் 2,000க்கும் மேற்பட்ட மின்மினி இனங்களுண்டு. மினுக்கும் இனங்கள் பலவற்றில் ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று அறிவது அந்த மினுக்கலின் தாளத்தைக் கொண்டே. லூசிபெரின் என்னும் பொருள் பிராணவாயுவுடன் சேர்வதால் ஒளி பிறக்கிறது, சூடோ இல்லையெனலாம்.

தூக்கணாங்குருவி களிமண்ணில் மின்மினியை ஒட்டிக் கூட்டுக்கு விளக்கேற்றும் என்பர் நம் பாட்டிமார். களிமண் மெய், விளக்குத்தான் கதை. ஆயினும் நல்ல கதை!

மலேசியாவில் கோலாசிலாங்கூர் ஆற்றோர மரங்களில் அவை கூட்டமாய் ஒரே தாளத்தில் மின்னுகின்றன. 2022இல் ஆனைமலைக் காட்டிலும் அவ்வாறு மின்னக் கண்டனர்.

நம் வாவிக்கரையிலோ கண்டலை வெட்டுகிறோம்; விடியுமட்டும் விளக்கெரிக்கிறோம். பெருவெளிச்சத்தில் ஆணின் மினுக்கல் பெண்ணுக்குத் தெரியாது, முட்டையுமில்லை. திருவிழா முடிந்ததும் கோயில் வீதி விளக்குகளை அணைக்கும்படி சங்கத்தாருக்கு முன்மொழிகிறேன்.