ஆரோக்கியப் பச்சை தரும் பாடம்

நாம் கூடியிருக்கும் அதியன்னூருக்கு வடகிழக்கே அகத்தியமலை உயர்ந்து நிற்கின்றது. அம்மலைக் காடுகளில் காணி மக்கள் வாழ்கின்றனர். 1987-ஆம் ஆண்டு அங்கு ஆராயச் சென்ற விஞ்ஞானிகள் மலையேறிக் களைத்தனர். வழிகாட்டிய காணிகளோ ஒரு சிறு செடியின் காயை உண்டு, சோர்வின்றி நடந்தனர். காரணம் வினவியபோது முதலில் தயங்கினர். பின்னரே செடியைக் காட்டினர். அதுவே ஆரோக்கியப் பச்சை.

பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம் அதன் இலையுடன் அமுக்கிரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி சேர்த்து 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கியது. 1995-இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மஸி அதனைச் செய்து விற்கும் உரிமையை 7 ஆண்டுகளுக்குப் பெற்றது. உரிமைத் தொகை 10 லட்சம் ரூபாய். விற்பனையில் நூற்றுக்கு 2 பங்கு வேறு. இவற்றில் சரிபாதி காணிகளுக்கென முடிவாயிற்று. 1997-இல் அவர்களுக்காக ஓர் அறக்கட்டளையும் தோன்றியது. ஆயினும் இலை பறித்து விற்பதற்கு வனத்துறையின் தடை குறுக்கிட்டது. பங்கு தருதல் எளிது. பிழைக்க வழி திறத்தலே அரிது.

அன்பர்களே! காணிகள் இவ்வறிவை ஏட்டில் கற்றாரல்லர். மூத்தோருடன் நடந்து, கண்டு, உண்டு கற்றனர். நம் காலனிப் பிள்ளைகள் பரீட்சையில் தேறுகின்றனர்; வேலியோரத்துத் தூதுவளையை அறியார். வீட்டுப் பாட்டியோ அறிவார், அவரைக் கேட்பாரில்லை. பிள்ளைகளைக் கேட்கப் பழக்குவோம். பிறரிடம் கற்றதால் பொருள் வருமாயின், கற்பித்தோர்க்கு உரியதை முதலில் அளிப்போம். அதுவே கல்விக்கு அழகு.