திருப்பிச் சொல்லுங்க என்று கேட்கிற இங்கிலீஷ்

(திருவானைக்காவலில் கல்லூரி மாணவர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிஞர் என்று சொல்லி என்னை மேடையேற்றிவிட்டார்கள். இன்றைக்குக் கவிதை இல்லை. பகலெல்லாம் வங்கிக் கவுண்டரில் சலான் வாங்குகிற ஒரு கிளார்க்காக, இங்கிலீஷைப் பற்றிக் கொஞ்சம் பேச வந்திருக்கிறேன்.

உங்களில் பலபேர் கம்பெனி வேலைக்கு எழுதிப் போட்டிருக்கீங்க. நாவல்பட்டில் எல்காட் பூங்கா திறந்தது 2010இல். அமெரிக்க ஆஸ்பத்திரிக்கு பில் போடுவது, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு போன் போட்டு 'ஏன் பணம் தரலே' என்று கேட்பது, இந்த வேலையெல்லாம் திருச்சிக்கு வந்துவிட்டது. நியூயார்க்கில் காலை எட்டு மணி என்றால் நமக்கு அவர்கள் கோடையில் மாலை ஐந்தரை, குளிர்காலத்தில் ஆறரை. ராத்திரி ஷிப்ட் அதனால்தான்.

பட்டம் வாங்கின வருஷம் நானும் அப்படி ஓரிடத்துக்குப் போனேன். எழுத்துத் தேர்வில் தேறினேன். அப்புறம் ஐந்து நிமிஷப் பேச்சு. 'அப்பா என்ன பண்றார்?' என்றார்கள். வயல் கூலி என்றேன். அதற்குமேல் கேள்வி வரவில்லை. காரணம் கேட்டதற்கு மூன்று எழுத்து சொன்னார்கள்: எம்.டி.ஐ. மதர் டங் இன்ஃப்ளூயன்ஸ். அம்மா பேச்சு நாக்கில் ஒட்டியிருக்கிறதாம். பிறகு எழுத்துத் தேர்வு எழுதி, இடஒதுக்கீட்டில் வங்கிக்குள் வந்தேன். தனியார் கம்பெனியில் அந்தக் கதவு இல்லை.

அது என் ஒருத்தன் கதை என்றுதான் ரொம்ப நாள் நினைத்தேன். 2007இல் எகனாமிக் அண்ட் பொலிடிக்கல் வீக்லியில் இரண்டு ஆய்வுகள் வந்தன. சுகதேவ் தோரட்டும் பால் அட்டுவெல்லும் ஒரே தகுதி, வேறு வேறு சாதிப் பெயர் என்று விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்தார்கள். தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயருக்கு இருந்ததில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் ஆளெடுக்கும் அதிகாரிகளிடமே பேசினார்கள். 'குடும்பப் பின்னணி பார்ப்போம்' என்றார்கள் அதிகாரிகள். சாதி என்ற வார்த்தையை உச்சரிக்காமலே சாதி பார்க்கிற வித்தை இது.

இதே திருவானைக்காவலில்தான் 1888இல் சி.வி.ராமன் பிறந்தார். அப்பா ஆசிரியர், வீட்டில் புத்தகங்கள். அவர் அறிவை நான் குறைத்துப் பேசவில்லை. அவருக்கு வீட்டுக்குள்ளேயே கிடைத்த இங்கிலீஷ் நமக்குக் கரும்பலகையில் கிடைத்தது, அதுவும் தமிழில் விளக்கி. ஓட்டம் தொடங்கின இடம் வேறே. அதைத் தகுதி என்று எழுதிக்கொள்கிறார்கள்.

நாக்கு சரியில்லை என்பது நமக்குப் புதுசும் இல்லை. சேரித் தமிழைக் கொச்சை என்றார்கள். இப்போது சேரி இங்கிலீஷை எம்.டி.ஐ. என்கிறார்கள்.

அதற்காக இங்கிலீஷே வேண்டாம் என்று திரும்பிவிடலாமா? அம்பேத்கர் 1913இல் கொலம்பியாவுக்குப் போனார். 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அவரும் நம்ம இரட்டைமலை சீனிவாசனும் வெள்ளைக்காரன் முகத்துக்கு நேரே நம்ம வழக்கைச் சொன்னார்கள். 1936இல் லாகூர்க்காரர்கள் கூட்டத்தையே ரத்து செய்தபோது, பேச முடியாத 'சாதி ஒழிப்பு' உரையை இங்கிலீஷில் தானே அச்சடித்து வெளியிட்டார் அம்பேத்கர். இங்கிலீஷ் யாருடைய பாட்டன் சொத்தும் இல்லை.

இப்போ வேலைக்கு வருவோம்.

முதல் விஷயம், ஒலி. தமிழில் 'ப' ஒரே எழுத்து; இங்கிலீஷில் அதற்கு இரண்டு ஒலி. 'ட' அப்படியே. தடுமாற்றம் எழுத்தால் வருவது, பிறப்பால் வருவதில்லை. போனில் பி, டி, வி எல்லாம் அமெரிக்கர்களுக்கே குழம்பும். 'பி ஃபார் பிராவோ, டி ஃபார் டெல்ட்டா' என்று சொல்லிப் பழகுங்க. தர்ட்டீனா தர்ட்டியா என்ற குழப்பத்துக்கு, 'ஒன் த்ரீ' என்று தனித்தனியாகச் சொல்லுங்க. 'ஐ ஹேவ் எ டவுட்' என்றால் நம்மை நம்பவில்லை என்று அவர்கள் நினைக்கலாம். 'ஐ ஹேவ் எ கொஸ்டின்' போதும்.

இரண்டாவதுதான் பெரிய விஷயம். நம்ம தாத்தாக்கள் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, புரிந்ததற்கும் புரியாததற்கும் 'சரிங்க சாமி' என்றார்கள். திருப்பிக் கேட்டால் அடி. அந்த 'சரிங்க' இன்னும் தொண்டையில் உட்கார்ந்திருக்கிறது. ஹெட்போனில் ஒருத்தர் வேகமாகப் பேசினால் உடனே 'யெஸ், ஓகே' வருகிறது. பில்லை நிராகரித்தது பிறந்த தேதி தப்பானதாலா, முன் அனுமதி வாங்காததாலா? கேட்டுக் குறிக்காமல் விட்டால் பில் மறுபடி திரும்பி வரும், பழி உங்கள் பேரில் விழும். 'குட் யூ ரிப்பீட் தட், ப்ளீஸ்?' இந்த நாலைந்து வார்த்தைதான் நமக்கு ரொம்பக் கஷ்டமான இங்கிலீஷ். கேட்டதை நம்ம வார்த்தையில் சொல்லி 'இஸ் தட் கரெக்ட்?' என்று முடிக்கணும்.

உச்சரிப்பை மிஷினே மாற்ற ஆரம்பித்துவிட்டது. இந்தியக் குரலைப் பேசும்போதே மென்மையாக்கும் மென்பொருளைப் பயன்படுத்துவதாக டெலிபெர்ஃபார்மன்ஸ் கம்பெனி 2025இல் சொன்னது. எந்த இடத்தில் நிறுத்திக் கேட்கணும் என்பதை ஆள்தான் தெரிந்துவைத்திருக்கணும்.

2022இல் அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் இங்கிலீஷ் பயிற்சி உண்டு, விட்டுவிடாதீங்க. அதோடு ஞாயிற்றுக்கிழமை நாலுபேர் உட்காருங்க. ஒருத்தர் இன்சூரன்ஸ்காரர், ஒருத்தர் நீங்க. சிரிக்கிறவனுக்கு அடுத்த முறை. தனியாகப் படித்துத் தப்பிப்பதைப் பற்றி நான் பேசவில்லை. உள்ளே போகிறவர் அடுத்தவரை இழுத்துக்கொண்டு போகணும். தனியார் துறையில் இடஒதுக்கீடு என்ற கோரிக்கையும் கூடவே நடக்கணும்.

போன வாரம் முதியோர் பணம் வாங்க ஒரு ஆயா வந்தது. அவசரத்தில் ஏதோ விதியைச் சொன்னேன். ஆயா நகரவே இல்லை. 'நீ படபடன்னு சொல்றே சாமி, எனக்கு ஒண்ணும் வெளங்கலே, மறுபடி சொல்லு' என்றது. பின்னால் வரிசை முணுமுணுத்தது. நான் மறுபடி சொன்னேன். அப்போதுதான் நான் முதலில் சொன்னதே தப்பு என்று எனக்குத் தெரிந்தது.

அந்த ஆயாவுக்குக் கையெழுத்துகூடத் தெரியாது. அது கேட்ட மாதிரி கேளுங்க, இங்கிலீஷில்.

ஜெய் பீம்.