கல்லில் உறைந்த கடல்



தில்லியில் வாழும் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் பூசையறையிலே சாளக்கிராமம் உண்டு. நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைக்கும் அக்கல்லில் நாம் காணும் சக்கரம், கணவாய் மீனுக்கு உறவான அம்மோனைட் என்னும் பழங்கடல் உயிரின் ஓட்டுச் சுவடேயாகும்.

அவ்வினத்தின் ஓடு, கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் அணிமணியாகவே கிடைக்கிறது. அதன் பெயர் அம்மோலைட். ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடிச் சேற்றில் புதைந்த ஓடுகள் அவை. களிப்பாறையை இயந்திரத்தால் அகழ்ந்து, ஓடுகளைக் கையால் தேடி எடுக்கின்றனர். மயிற்கழுத்தென ஒளிரும் அதன் படலம் ஒரு மில்லிமீட்டரினும் மெல்லியது, எளிதில் உதிர்வது. ஆதலின் பிசின் ஊட்டி இறுக்கித் தீட்டுகின்றனர். அடியில் களிப்பாறைத் தகடும், மேலே படிகக்கல் மூடியும் ஒட்டிய பின்னரே பெரும்பாலும் மோதிரத்தில் பதிக்கின்றனர். 2004-ஆம் ஆண்டில் ஆல்பர்ட்டா அதனைத் தன் மாநில மணியாக ஏற்றது.

நம் தமிழகத்தில் அம்மோனைட் இல்லையோ? உண்டு. அரியலூர்ப் பகுதியும் அந்நாளில் கடலாயிருந்தது. அங்குள்ள சுவடுகள் நகைக்கு உதவும் மணியல்ல. மண்ணின் வரலாற்றுச் சான்று. சிமென்டுக்காகச் சுண்ணாம்புப் பாறை வெட்டப்படும்போது அவற்றுட் பல பொடியாகி மறைகின்றன. எஞ்சியவற்றுட் சிலவற்றை வாரணவாசி அருங்காட்சியகம் காத்து வருகிறது.

ஒரு கல்லை வழிபடுகிறோம். ஒரு கல்லை அணிகிறோம். நம் ஊர்க் கல்லை மட்டும் மறக்கலாமா? விடுமுறையில் ஊர் செல்லும்போது நம் மக்களை அங்கு அழைத்துச் செல்வோம். பெயர்த்து வாராமல், பார்த்து வருவோம்.